பேஸ் பேப்பர் கேட்கும் பிள்ளைகளுக்கு

ப்ராஜெக்டின் ஆரம்பப் பரிசீலனையான ஸீரோத் ரிவ்யூ தேதி வந்துவிட்டால் இறுதியாண்டுப் பிள்ளைகள் என் மேசையைச் சுற்றி நிற்பார்கள். "மேம், பேஸ் பேப்பர் ஒண்ணு சொல்லுங்க." எனக்கு இந்த பேஸ் பேப்பர் ஏற்பாடே பிடிக்காது. ஒரே ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதில் உள்ளதை அப்படியே செய்து, மேலே கொஞ்சம் ஐஓடி (கருவியை இணையத்தோடு இணைப்பது) தூவினால் ப்ரபோஸ்டு சிஸ்டம் தயார். மற்ற துறைகளில் எப்படியோ, பயோமெடிக்கலில் இப்படிச் செய்தால் பாதி விஷயம் கண்ணிலேயே படாது. நம் துறையின் கட்டுரைகள் பாதி இன்ஜினியர்களிடமும் பாதி டாக்டர்களிடமும் கிடக்கின்றன.

வருடம் தவறாமல் ஏதாவது ஒரு பேட்ச், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செய்யும். மேக்ஸ்30102 சென்சார், ஒரு ஆர்டுயினோ, குட்டித் திரை. இன்ஜினியரிங் கட்டுரைகள் இருக்கும் ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர் தளத்தில் தேடுவார்கள். விரல் அசைந்தால் வரும் இரைச்சலை எப்படி வடிகட்டுவது, பேட்டரி நீடிக்க என்ன செய்வது என்று கட்டுரைகள் கொட்டும். பத்தை எடுத்து அட்டவணை போட்டால், முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் சர்வே முடிந்தது.

சரி, அந்த சென்சார் 660, 880 நானோமீட்டரில் ஒளியைப் பாய்ச்சுகிறது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் கூடுதலாக இருந்தால் கணக்கு மாறாதா? இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் மருத்துவ இதழ்களில்தான் இருக்கிறது. 1990-லேயே 'செஸ்ட்' இதழில் ஜூப்ரான், டோபின் இருவரும் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளை வைத்து இதை எழுதினார்கள். 2005-ல் 'அனஸ்தீசியாலஜி'யில் பிக்லர் குழு எழுதியது. கோவிட் நேரத்தில், 2020 டிசம்பரில், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஷோடிங் குழுவின் கடிதம் வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. மீட்டர் 92 முதல் 96 சதவீதம் காட்டிய நேரங்களில், ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். நம் பிள்ளைகள் சென்சாரில் வைத்துப் பார்க்கும் விரல்கள் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பல துறைகளில் 'கடைசி ஐந்து வருடக் கட்டுரை மட்டும்' என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அந்த விதிப்படி 1990-ம் போச்சு, 2005-ம் போச்சு. யார் கண்டுபிடித்த விதியோ.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடுவதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நம் பிள்ளைகள் பிபிஜி என்று மூன்றெழுத்தைத் தட்டுவார்கள். ஒளியால் நாடித்துடிப்பை அளக்கும் போட்டோபிளெதிஸ்மோகிராபியை எதிர்பார்த்தால், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அளவு பற்றிய கட்டுரைகளும் வரிசையாக வந்து நிற்கும். டாக்டர்களுக்கு அதுவும் பிபிஜிதான். முழுச் சொல்லைத் தட்டுங்கள். அல்லது மெஷ் தலைப்புகளைப் பிடியுங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் கட்டுரைகளுக்கு ஒட்டும் பொருள் சீட்டுகள் அவை. 'ஆக்ஸிமெட்ரி', 'ஸ்கின் பிக்மென்டேஷன்' என்ற இரண்டு மெஷ் தலைப்புகளையும் 'ஆண்ட்' போட்டு இணைத்தாலே மேலே சொன்ன பிரச்சினை முழுசாகத் திறந்துகொள்ளும். நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும் கூகுள் ஸ்காலரில் 'சைட்டட் பை' அழுத்துங்கள், அதற்குப் பிறகு யார் யார் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியும். பேஸ் பேப்பருக்கு ஏதாவது உபயோகம் உண்டென்றால் அது இதற்குத்தான்.

முழுக் கட்டுரை கிடைப்பது அடுத்த தலைவலி. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற மத்திய அரசுத் திட்டம் நடைமுறைக்கு வந்து, அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட இதழ்கள் திறந்தன. எங்களைப் போன்ற தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் வெளியே. பரவாயில்லை, பப்மெட் சென்ட்ரலில் நிறைய இலவசமாக உண்டு. பிரவுசரில் அன்பேவால் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசப் பிரதி இருக்கும் கட்டுரைக்கு ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு நான்கு வரி மெயில் போடுங்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஸொட்டேரோ என்ற மென்பொருள் போதும். காசு கிடையாது. கோப்புகளுக்கு 300 எம்பி வரைதான் இலவச இடம், அதனால் பிடிஎஃப்களை லேப்டாப்பிலேயே வைத்துக்கொண்டு குறிப்புகளை மட்டும் சிங்க் செய்யுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நோட்ஸில் நான் எழுதச் சொல்வது: எத்தனை பேரிடம் அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், டேட்டா யாருடையது.

அந்த மூன்றாவது கேள்வியை ஈசிஜி ப்ராஜெக்ட் செய்யும் பேட்ச் கட்டாயம் கேட்க வேண்டும். அரித்மியா எனும் இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் 99 சதவீதம் துல்லியம் என்று சொல்லும் கட்டுரைகளை டேட்டா வாரியாக டேக் செய்து பாருங்கள். முக்கால்வாசியும் எம்ஐடி-பிஐஹெச் என்ற ஒரே டேக்கில் போய் விழும். 1980-ல் வெளிவந்த தொகுப்பு அது. 47 பேரிடம் எடுத்த 48 அரைமணி நேரப் பதிவுகள். அதிலும் ஒரே ஆளின் துடிப்புகளைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டிருந்தால், அந்த 99-க்கு என்ன மரியாதை? மெதட்ஸ் பகுதியைப் படிக்காமல் அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

ஸொட்டேரோவில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் மேலே சிவப்புப் பட்டை காட்டிவிடும். 2023-ல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வருடம் மூடப்பட்ட இதழ்களில் 'ஜர்னல் ஆஃப் ஹெல்த்கேர் இன்ஜினியரிங்' ஒன்று. நம் துறைப் பட்டியல்களில் அது இன்னும் உலவுகிறது. அப்புறம், சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸ் என்றால் கட்டுரையின் தனி அடையாளமான டிஓஐ எண்ணைத் தட்டி, அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

கடைசியாக, பட்டியலை அச்சடிக்கும் முன் நம் ஊர்ப் பெயர்களை ஒருமுறை பாருங்கள். ஸொட்டேரோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறது. நமக்கு இருப்பதோ இனிஷியல். பெட்டி மாறி உட்கார்ந்தால் எஸ். கார்த்திக் என்பவர் ஐஇஇஇ பாணியில் 'கே. எஸ்' ஆகிவிடுவார். கையால் மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.