ஹவுசிங் எது, மூடி எது?

அமெரிக்காவில் நாங்கள் போட்டிருந்த பம்ப் காப்புரிமை விண்ணப்பத்துக்கு ஃபைனல் ரிஜெக்‌ஷன் வந்தது. முக்கியத் தகராறு 'ஹவுசிங்' (பம்பின் வெளிக்கூடு) என்ற சொல்லில்தான். பழைய காப்புரிமை ஒன்றில் இரண்டு துண்டாக வரும் மூடி இருந்தது. கீழ்த்துண்டு ஹவுசிங், மேல்துண்டு மூடி என்றார் எக்ஸாமினர், அதாவது விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலக அதிகாரி. அவர் பக்கமும் நியாயம் உண்டு. காப்புரிமை தருவதற்கு முன் கிளெய்மில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகத்தில்) உள்ள சொற்களுக்கு, நியாயமாக எவ்வளவு விரிந்த பொருள் கொள்ள முடியுமோ அவ்வளவு கொள்வதுதான் விதி. பழைய காப்புரிமையோடு இடித்தால் கிளெய்மைத் திருத்திக்கொள்ளலாமே என்பது கணக்கு.

ஆனால் கிளெய்மைக் குறுக்கித் திருத்தினால் போட்டியாளர் சுலபமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். மேல்முறையீட்டுக்கே போனோம். நோட்டீஸ் கொடுத்து 2 மாதத்துக்குள் ப்ரீஃப் (எழுத்து வாதம்) தர வேண்டும்.

அட்டர்னி அகராதிப் பக்கமே போகவில்லை. 2017-இல் ஸ்மித் இன்டர்நேஷனல் வழக்கில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவியில் 'பாடி' என்றால் எது என்பது அந்த வழக்கு. விளக்கவுரை (விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விவரிக்கும் பகுதி) ஓர் அர்த்தத்தை விலக்கவில்லை என்பதற்காகவே அந்த அர்த்தம் சரியாகிவிடாது. கண்டுபிடித்தவர் விளக்கவுரையில் அந்தச் சொல்லை ஆளும் விதத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்றது தீர்ப்பு.

அப்புறம் பென்சிலும் கையுமாக எங்கள் விளக்கவுரையில் உட்கார்ந்தோம். எல்லாப் படத்திலும் ஹவுசிங்குக்கு எண் 12, மூடிக்கு எண் 18. இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரத்தை) சுற்றித் தண்ணீரைத் தாங்குவது 12. அதன்மேல் திருகி ஏறுவது 18. ஓர் இடத்தில்கூட இரண்டும் கலக்கவில்லை. அந்தப் பத்தி எண்களை ஒவ்வொன்றாக ப்ரீஃபில் ஏற்றினோம். எக்ஸாமினரின் பதிலுக்குப் பிறகு ரிப்ளை ப்ரீஃப் போடலாம்தான், ஆனால் புது வாதத்தை அதில் நுழைக்க முடியாது. எல்லாம் முதலிலேயே இருந்தாக வேண்டும்.

வீடியோவில் விசாரணை: மூன்று நீதிபதிகள், எங்களுக்கு 20 நிமிடம். ஹவுசிங்கைச் சீக்கிரமே தாண்டிவிட்டார்கள். மாட்டியது இன்னொரு கிளெய்மில் இருந்த 'வளையும் சீல்'. ரப்பர் சீலைத்தான் சொல்கிறோம் என்றோம். "அது கிளெய்மில் இருக்கிறதா, விளக்கவுரையில் மட்டுமா?" என்று கேட்டார் ஒருவர். விளக்கவுரையிலும் ரப்பர் ஓர் உதாரணமாகத்தான் வருகிறது. உதாரணத்தைத் தூக்கிக் கிளெய்முக்குள் வைக்க விடமாட்டார்கள்.

தீர்ப்பும் அப்படியே: ஹவுசிங் கிளெய்மில் ரிஜெக்‌ஷன் ரத்து, சீல் கிளெய்மில் உறுதி. சீலுக்கு 'ரப்பர்' என்றே எழுதி ஒரு கன்டினியுவேஷன் விண்ணப்பம் (அதே விளக்கவுரையை வைத்துப் போடும் தொடர் விண்ணப்பம்) போட்டுவிட்டோம். மூல விண்ணப்பம் காப்புரிமையாக வெளிவரும் முன்பே அதைப் போட்டாக வேண்டும்.