கீச்சிடும் ஃபேன் பெல்ட்: பழைய டீசல் வண்டிக் குறிப்புகள்

2024 நவம்பர் 3, ஞாயிறு

வண்டி 1998 மாடல், டீசல். சத்தம் மூன்று சமயங்களில் வருகிறது: காலையில் முதல் ஸ்டார்ட் போட்டவுடன் அரை நிமிடம் போல, ராத்திரி ஹெட்லைட் போடும்போது, அப்புறம் மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால். ஏசி போட்டாலும் அணைத்தாலும் எந்த மாற்றமும் இல்லை. ஏசி கம்ப்ரஸருக்கு இதில் தனி பெல்ட், அதனால் அதை இப்போதே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆக மிச்சம் இருப்பது ஃபேன், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் (கரண்ட் தயாரித்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்வது) மூன்றையும் சுற்றும் அந்த ஒற்றை வி-பெல்ட்தான் (V வடிவில் இருக்கும், புல்லி எனும் சக்கரங்களின் பள்ளத்தில் உட்கார்ந்து ஓடும்).

"பெல்ட் லூசுங்க, டைட் வெச்சா போச்சு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு கடையில் டைட் வைத்தாயிற்று. சத்தம் போனது, பத்து நாளைக்குள் திரும்ப வந்துவிட்டது. எனக்கு இடிப்பது அங்கேதான். புது பெல்ட் என்றால் ஓட ஆரம்பித்த புதிதில் நீளும், பள்ளத்தில் உட்கார்ந்து இறங்கும், லூசாகும். இது ஓடித் தேய்ந்த பெல்ட், இனி நீள்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, இழுத்து வைத்த டைட் எங்கே போனது?

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் ஸ்டார்ட் போடும் முன்பு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி 12.1 வோல்ட். நல்ல நிலையில் இருந்தால் 12.6 காட்ட வேண்டும். ஸ்டார்ட் போட்டதும் கத்தல். அந்த நேரத்தில் மீட்டர் 13.2 வரை ஏறி அங்கேயே தடுமாறியது, கத்தல் அடங்க அடங்க 14 ஐத் தாண்டியது. பெல்ட் வழுக்குகிறது, ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் சுற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஏன் கத்துகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியை உறிஞ்சிவிடுகிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தக் கடனை ஆல்டர்னேட்டர் அடைத்தாக வேண்டும். 14 வோல்ட்டில் 40 ஆம்பியர் என்று வைத்தால் 560 வாட். ஆல்டர்னேட்டரே வாங்குகிற சக்தியில் கிட்டத்தட்ட பாதியைச் சூடாக்கித் தொலைக்கிற ஜாதி என்பதால், பெல்ட் இழுக்க வேண்டியது ஒரு குதிரைத்திறனுக்கு மேலேயே போய்விடும். எல்லாப் புல்லியிலும் சின்னது ஆல்டர்னேட்டர் புல்லி, பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கிற இடமும் குறைவு, அதனால் வழுக்குவது எப்போதும் முதலில் அங்கேதான்.

பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டேன். அது தளர்ந்திருந்தால் பெல்ட்டுக்குப் பாரம் கூடும், நேரமும் கூடும். பெல்ட் கத்துகிறது என்று வருகிறவர்களிடம் பேட்டரியைப் பார்த்தீர்களா என்று எந்த மெக்கானிக்கும் கேட்டு நான் பார்த்ததில்லை, ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் மட்டும் கேட்பார்கள்.

நவம்பர் 9, சனி

பேட்டரி நிரம்பிவிட்டது, கத்தும் நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. கத்தல் அடங்கிய பிறகு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது காது கொடுத்துக் கேட்டால் கிச்... கிச்... கிச்... என்று சின்னதாக ஒரு சத்தம், எஞ்சின் சுற்றோடு சேர்ந்து வருகிறது. முன்பு பெரிய சத்தத்தில் இது அமுங்கிப்போயிருக்கிறது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "சோப்புக் கட்டிய லேசாக் காட்டுங்க தம்பி, அமைதியாயிரும்" என்றார். அமைதியாகும்தான். ரெண்டு நாளில் அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். கடையில் விற்கிற பெல்ட் ஸ்ப்ரேயும் இதே கதை. வேண்டாம் என்றேன், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பதில் தண்ணீர்ச் சோதனை செய்தேன். எஞ்சின் ஐடிலில் ஓட, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் அடிக்க வேண்டும் (ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கை தள்ளியே இருக்கட்டும், தோளில் துண்டு கிண்டு போட்டுக்கொண்டு குனியாதீர்கள்). தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் டைட் போதவில்லை. சில நொடி அடங்கித் திரும்ப வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. லைட் எல்லாம் போட்டுப் பாரம் ஏற்றி அடித்தால் கத்தல் கூடியது. லைட்டை அணைத்துவிட்டு அடித்தால் அந்தக் கிச்கிச் அடங்கியது, கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. ரெண்டு விடையும் ஒரே பெல்ட்டில்.

நவம்பர் 10, ஞாயிறு

பெல்ட்டைக் கழற்றியாயிற்று. பேட்டரி நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிட்டுத்தான் ஆல்டர்னேட்டர் பக்கம் ஸ்பேனர் போக வேண்டும், இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெல்ட்டின் ஒரு பக்கச் சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, மறுபக்கம் பரவாயில்லை. சும்மா வழுக்கியிருந்தால் ரெண்டு பக்கமும் ஒன்றுபோல் மின்னியிருக்கும். அடிப்பாகத்தில் தேய்மானம் இல்லை, நல்லது. வி-பெல்ட் பக்கச் சுவரால்தான் பிடிக்கும். அடிப்பாகம் பள்ளத்தின் தரையில் உரசி அங்கே பளபளப்பு தெரிந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் ஈரமும் இல்லை, கூலன்ட் கறையும் இல்லை. வாட்டர் பம்ப்பின் கசிவு ஓட்டை (உள்ளே சீல் போனால் தண்ணீர் வெளியே வரும் துளை) காய்ந்தே இருக்கிறது.

பேரிங்குகள். வாட்டர் பம்ப்பைக் கையால் சுற்றினால் வழவழவென்று போகிறது, ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இல்லை. ஆல்டர்னேட்டர் கனமாகத்தான் திரும்பும், ஏனென்றால் அந்தக் கால டீசல் வண்டிகளில் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கான (பிரேக் மிதிப்பதை லேசாக்குவது) வாக்குவம் பம்ப் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கனம் பழுதல்ல, கொரகொரப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லை. (இதனால் இன்னொன்று: இந்த மாதிரி வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜும் கூலிங்கும் மட்டும் போகாது, கொஞ்ச நேரத்தில் பிரேக்கும் கல்லாகிவிடும். மலைப்பாதையில் இதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.) பெல்ட் இல்லாமல் சில நொடி மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், கிச்கிச் இல்லை.

அப்புறம்தான் ஆல்டர்னேட்டரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். அசைந்தது! மேலே அட்ஜஸ்டிங் பட்டை (பெல்ட்டை டைட் வைக்கிற இடம்) போல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கீழ்ப்பக்கம் அசைகிறது. கீழ் போல்ட்டை உருவிப் பார்த்தால், ஆல்டர்னேட்டரை எஞ்சினோடு பிடிக்கிற அலுமினியக் காலில் உள்ள துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறது. 10 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே ஆடுகிறது. போல்ட்டை மறுபடி போட்டு, பெல்ட்டையும் மாட்டி, டைட் வைத்து, இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லி (எஞ்சின் நேராகச் சுற்றுகிற, பெல்ட்டை ஓட்டுகிற புல்லி) முகத்தோடு ஒட்டி நீட்டிப் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் புல்லி எஞ்சின் பக்கம் சாய்ந்து 3 மில்லிமீட்டர் இடைவெளி. வி-பெல்ட்டுக்கு ஒரு அடி தூரத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகல் கூடாது.

இப்போது ரெண்டு சத்தத்துக்கும் கணக்கு சரியாகிறது. எவ்வளவு இழுத்து டைட் வைக்கிறோமோ அவ்வளவுக்கு ஆல்டர்னேட்டர் சாய்கிறது. சாய்ந்த புல்லியில் பெல்ட் ஒரு பக்கமாக உரசிக் கிச்கிச் என்கிறது. கால் ஆடுவதால் நட்டுகள் அதிர்வில் தளர்கின்றன, டைட் போகிறது, அப்புறம் பாரம் வந்தால் வழுக்கிக் கத்துகிறது. திரும்பத் திரும்ப லீவர் போட்டு இழுத்திருந்தால் துளை இன்னும் தேய்ந்து, கடைசியில் பேரிங்கும் போயிருக்கும்.

நவம்பர் 13, புதன்

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. ஆல்டர்னேட்டரில் அந்தத் துளை இருக்கிற முன் மூடியை மட்டும் கழற்றிக் கொண்டுபோனேன். லேத்காரர் துளையைப் பார்த்த உடனே, "இது எல்லா வண்டியிலும் வர்றதுதானுங்க, அலுமினியம் என்ன பண்ணும்" என்றார். 14 மில்லிமீட்டருக்குத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே 10 மில்லிமீட்டர் துளை இருக்கிற ஸ்டீல் புஷ் (குட்டிக் குழாய்) ஒன்றைக் கடைந்து பிரஸ் பண்ணிக் கொடுத்தார். வேலையைவிடக் காத்திருந்த நேரம் அதிகம். புது ஆல்டர்னேட்டர் மாற்றச் சொல்லாத ஊரில் இருப்பது ஒரு சௌகரியம்.

நவம்பர் 16, சனி

மாட்டியாயிற்று. கீழ் போல்ட்டும் புதுசு. பழைய பெல்ட்டைத் திரும்பப் போடுவதில் அர்த்தமில்லை, ஒரு பக்கம் பளபளத்தது இனி பிடிக்காது. புல்லிப் பள்ளங்களைச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு புது பெல்ட். லீவரால் நெம்பி ஏற்றாமல் ஆல்டர்னேட்டரை நன்றாக உள்ளே தள்ளிவிட்டுக் கையாலேயே மாட்ட வேண்டும், நெம்பினால் உள்ளே இருக்கிற நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல இறங்குகிற அளவுக்கு டைட். ஸ்கேல் வைத்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, ஆறிய பிறகு மறுபடி அழுத்திப் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது, இன்னொரு தடவை இழுத்து வைத்தேன். இது பெல்ட் பள்ளத்தில் உட்காருகிற இறக்கம், பயப்பட வேண்டியதில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

500 கிலோமீட்டர் ஓடியாயிற்று. டைட் அப்படியே நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் போட்டவுடன் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் எல்லாம் போட்டுப் பார்த்தேன், 14.1 வோல்ட், சத்தம் இல்லை. தண்ணீர் அடித்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

வாக்குவம் பம்ப்புக்குப் போகிற ஆயில் ஹோஸ் முனையில் லேசாக ஈரம் தெரிகிறது, கழற்றி மாட்டியதில் வாஷர் சரியாக உட்காரவில்லை போல. சொட்டு விழுவது பெல்ட்டுக்கு நேர் பின்னால். புது செம்பு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் போட வேண்டும்.