ராத்திரி உறுமி ஏன் அடுத்த தோட்டம் வரை கேட்கிறது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் திருவிழாக் காலம் வந்தால் இது எல்லாருக்கும் பழக்கம். பகலில் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடும் உறுமி, ராத்திரி பத்து மணிக்கு அடுத்த தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் வரை வந்து தூக்கத்தைக் கெடுக்கும். மேளமும் அதேதான், அடிக்கிற கையும் அதேதான். மாறியது நடுவில் இருக்கும் காற்று.

மேளத்தோல் தள்ளிய காற்று உங்கள் வீடு வரை வருவதில்லை. காற்றுத் துகள்கள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் துளி ஆடி, பக்கத்தில் இருப்பவற்றை நெருக்கிவிட்டுத் திரும்புகின்றன. அந்த நெருக்கல்தான் ஆற்றலைச் சுமந்து போகிறது. அலை போகும் திசையிலேயே துகள் ஆடுவதால் ஒலி நெட்டலை. கயிற்றை உதறினால் வருவது குறுக்கலை. இந்தக் குறுக்கலையைப் படிவம் 4 (பத்தாம் வகுப்பு வயது) பிள்ளைகளுக்குக் காட்ட நைலான் கயிறு சரிப்படாது. எடை குறைவு, இழுத்துப் பிடித்தால் துடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஓடிவிடும். 6 மீட்டர் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையும் அடைத்து, ஒரு முனையை வேலிக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை ஒரே ஒரு முறை உதறுங்கள். நடுவில் கட்டிய ரிப்பன் மேலே போய்க் கீழே வரும், கம்பத்தை நோக்கி நகராது. கம்பத்தில் மோதிய மேடு பள்ளமாகத் திரும்பும். குழாய் தரையில் உரசினால் பாதி வழியிலேயே ஆற்றல் தீர்ந்துவிடும்.

திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு கால்வாசியாகும், அதாவது சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 6 குறையும். 10 மீட்டரில் 100 டெசிபல் என்றால், பரவுவதால் மட்டுமே 1 கிலோமீட்டரில் 60 ஆகிவிடும். அதற்கு மேல் காற்றே உறிஞ்சுவது வேறு. 4000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 4000 முறை அதிரும் கீச்சொலி, ஒரு கிலோமீட்டரில் இன்னும் 20 டெசிபலுக்கு மேல் இழக்கும். 125 ஹெர்ட்ஸ் கனத்த ஒலி அரை டெசிபல்கூட இழக்காது. அதனால்தான் தூரத்தில் பாட்டு வரி காணாமல் போய் 'தும் தும்' மட்டும் மிஞ்சுகிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஆறு மீட்டருக்குப் பக்கம். பலகைச் சுவரோ செம்பனை வரிசையோ அதற்கு ஒரு தடையே இல்லை.

ராத்திரி சமாசாரம் இனிமேல்தான். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது: 30 டிகிரியில் நொடிக்கு 349 மீட்டர், ஒரு டிகிரி குறைந்தால் 0.6 மீட்டர் குறையும். வெயிலில் தரையோரக் காற்று சூடு, மேலே குளிர்ச்சி. அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை முதலில் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கிறது; மேல்காற்று அதைவிடச் சூடாக நிற்கிறது. மேல்காற்றில் அலை வேகமாகப் போவதால் அலையின் முகப்பு கீழ்நோக்கிச் சாய்ந்து, மேலே போகவேண்டிய ஒலியும் தரைக்கே திரும்புகிறது.

கடலலையும் இப்படித்தான், போகும் இடத்துக்குத் தகுந்தபடி நடக்கும். 26 டிசம்பர் 2004 சுனாமி போன்ற நீண்ட அலை, 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும். 50 மீட்டர் ஆழத்தில் 80தான். வேகம் குறையக் குறைய உயரம் கூடும். மழையில் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி நின்றுபோவது வேறு கதை: அந்த அலையின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். தட்டைத் திருப்பிப் பயனில்லை. மின்னல் எஃப்எம் வானொலியின் அலைநீளம் சுமார் 3 மீட்டர், துளிகளை அது சட்டையே செய்யாது.

கோயில் கமிட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ஆம்பிளிஃபையர் வாட்ஸை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும், காசுக்குக் கேடு. ஒரே பெரிய ஸ்பீக்கரை அலறவிடுவதைவிட, சின்னவற்றைக் கூட்டத்துக்கு நடுவே, முகம் கீழே சாய்த்து வைப்பது மேல். பின்வரிசை ஸ்பீக்கர் முன்னதிலிருந்து 35 மீட்டர் தள்ளி இருந்தால் பேச்சு 0.1 நொடி இடைவெளியில் இரண்டு தடவை கேட்டுக் குழம்பும். சவுண்ட் மிக்சரில் பின்வரிசை ஸ்பீக்கருக்கு, 10 மீட்டருக்கு 29 மில்லிநொடி என்று தாமதம் வையுங்கள். இரண்டு பேஸ் (கனத்த ஒலி) பெட்டி பக்கத்தில் இருந்தும் பேஸ் எழவில்லையா? ஒன்றின் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கும். ஒன்று காற்றை நெருக்கும்போது மற்றது தளர்த்துவதால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு பெட்டியின் வயரை மட்டும் மாற்றிக் குத்தினால் போதும், சத்தத்தை ஏற்றத் தேவையில்லை.