வாயைத் திறந்து காட்டுங்கோ

எங்கட பக்கத்தில் வெற்றிலைத் தட்டம் இல்லாத கலியாண வீடும் இல்லை, செத்த வீடும் இல்லை. புகையிலையை விட்டாச்சு, வெறும் பாக்குத்தான் என்று சமாளிக்கிற அப்புமார் நிறையப் பேர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

திருவனந்தபுரத்தில் 1996இல் வாய்ப்புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான், ஸ்கானும் இல்லை ஒன்றும் இல்லை. 2005இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த முடிவின்படி புகையிலை, மது பாவிக்கிறவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது.

கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், வாயை முழுக்கத் திறக்க ஏலாமை, இதில் ஒன்று இருந்தாலும் சூட்டுப்புண் என்று நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் பல் டொக்டரிடம் போங்கோ.