1986-ல் தாலி, போன மாதம் பதிவு

போன மாதம் என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சட்டப்படி கல்யாணம் நடந்தது. தாலி கட்டியது 1986-ல், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்கள் 1982 மார்ச் 1-க்குப் பிறகு செய்த கல்யாணத்தைப் பதிந்தால்தான் செல்லும் என்று அன்றைக்குத் தோட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் எங்கள் பிபிஆர் (அரசாங்கக் குறைந்த வாடகை வீடு) அடுக்குமாடியில் இப்படி இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. கீழ்வீட்டு அக்கா, கணவர் இறந்த பிறகு தான் அவர் மனைவிதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. மாதம் 124 ரிங்கிட் வாடகை வீடு அவர் பெயரில் இருக்கிறது. அம்மாவிடம் ஒரு தாள்கூட இல்லை.

கல்யாணத்தைப் பதியத் தேசியப் பதிவுத்துறை அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை கவுண்டரில் இருந்தவர், “கல்யாணம் செய்த கோயிலில் சூராட் (கடிதம்) வாங்கி வாங்க” என்றார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டமும் இல்லை, கோயிலும் இல்லை, வரிசை வீடுகள் நின்றன. திரும்பி வந்து வேறு கவுண்டரில் கேட்டால், கடிதமே தேவையில்லையாம். புதிதாகக் கல்யாணம் செய்பவர்களைப் போலவே விண்ணப்பித்தால் போதுமாம். அன்று எனக்கு வந்த அழுகை இன்னும் தீரவில்லை. தயவுசெய்து ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி அலையாதீர்கள், இன்னொருவரிடமும் கேளுங்கள்.

விண்ணப்பப் பாரம், படம், ஐசி (அடையாள அட்டை) நகல் எல்லாம் சுலபம். வேறு யாரையும் மணக்கவில்லை என்று இருவரும் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள், 12.15-லிருந்து 2.45 வரை கவுண்டர் ஓடாது.

கஷ்டம் கைரேகையில் வந்தது. முப்பது வருடம் சிமெண்ட் குழைத்த கை அப்பாவுடையது. கட்டைவிரலில் கோடே இல்லை, மெஷின் நான்கு முறை சிவப்பு காட்டியது. “நாளைக்கு வாங்க” என்றார்கள். அம்மா நகரவில்லை. முந்தானையை நனைத்து அந்த விரலைத் துடைத்தார், தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றினார், அப்புறம் தானே அழுத்திப் பிடித்தார். பச்சை!

அடுத்து கவுண்டரில் இருந்த அம்மணி, பாரத்தில் அம்மாவின் திருமண நிலையைப் படித்தார்: “பூஜாங்.” மலாயில் கல்யாணம் ஆகாதவர் என்று அர்த்தம். மூன்று பிள்ளை பெற்றவர் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை.

21 நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. சரி, சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே, கீழ்வீட்டு அக்காவும் நானும் போனோம். பதிவாளர் கேட்டதும் அப்பா “சம்மதம்” என்று திக்கித் திக்கிச் சொன்னார். அக்கா கையெழுத்துப் போடும்போது அழுதார்.

சான்றிதழை வாங்கியதும் அங்கேயே பெயர் எழுத்துகளைச் சரிபாருங்கள். அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, உடனே மாற்றிக் கொடுத்தார்கள்.

இரவு லிஃப்ட் ஓடவில்லை. அப்பாவைத் தாங்கிப் பிடித்து, மாடிக்கு மாடி உட்கார வைத்து, 14 மாடி ஏறினோம். கேசரிக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டார் வாசலில் காத்திருந்தார்கள். சான்றிதழை அம்மா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் போடுமுன் அதை எடுத்துக் காட்டுகிறார்.