மூன்று கியூப் மணலின் நிறை

பதினொரு வருஷம் டிப்பர் ஓட்டிய பிறகுதான் என் வண்டி எவ்வளவு நிறை என்று எனக்குத் தெரியவந்தது. அதுவும் தற்செயலாக. 2020இல் கல்முனைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு மணல் கொண்டுபோனேன். வாசலிலேயே நெல் லொறிகளை நிறுக்கும் தராசு. தராசு அறையில் இருந்த பெரியவருக்குப் பொழுது போகவில்லை போல.

“மனே, அதில ஒருக்கா ஏத்தி நிப்பாட்டு. மணல் எவ்வளவு காட்டுதெண்டு பாப்பம்.”

21,340 கிலோ காட்டியது. மணலைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பவும் ஏறினேன். 6,720. வாகனப் புத்தகத்தில் பாரத்தோடு சேர்த்து இருக்கக்கூடிய மொத்த நிறை 16,200 என்று இருக்கிறது. ஐயாயிரம் கிலோவுக்கு மேல் கூட. மகா ஓயாப் பக்கம் இரவில் வீதிக்குக் குறுக்கே நிற்குமே, அந்த மாதிரி ஒரு பெரிய ஆண் யானையை மணலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு சித்தாண்டியிலிருந்து வந்திருக்கிறேன். அதுவும் எத்தனை நூறு நடை!

எங்கள் தொழிலில் டன் என்று யாரும் பேசுவதில்லை. எல்லாம் கியூப். நூறு கன அடி ஒரு கியூப். முதலாளி கியூப்பில் விலை சொல்வார், மேசன் கியூப்பில் கேட்பார், மணல் அனுமதிப்பத்திரத்திலும் கியூப் கணக்குத்தான். டயருக்கு மட்டும் அந்தக் கணக்குத் தெரியாது.

என் வண்டி டாடா 1613. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 16 டன் மொத்த நிறை, 130 குதிரைவலு. பெட்டி 12 அடி நீளம், ஏழரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். பெருக்கினால் 225 கன அடி, இரண்டேகால் கியூப். அதற்கு மேல் சுற்றிவரப் பத்து அங்குலப் பலகை அடித்தால் இன்னும் 75 கன அடி சேர்ந்து, கச்சிதமாக மூன்று கியூப் வரும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பலகை அடித்துத்தான் இருந்தது. அது வண்டியோடு வந்த உறுப்பு என்றே நினைத்திருந்தேன்.

ஆலையில் இருந்து வந்த அன்று இரவு மகளின் கொப்பியில் கணக்குப் பார்த்தேன். 16,200இல் 6,720 போனால் 9,480 கிலோ. சட்டப்படி நான் ஏற்றக்கூடியது அவ்வளவுதான். காய்ந்த மணல் ஒரு கியூப் நாலரை டன் அளவில் வரும். ஆக, இரண்டு கியூப்புக்குக் கொஞ்சம் மேல். பலகையைக் கழற்றினாலும் பெட்டியை முட்ட நிரப்ப வழியில்லை! அதே பெட்டியில் பலகை மட்டத்துக்கு நெல்லைக் கொட்டினால் ஐந்து டன் வந்தாலே பெரிய விஷயம். ஒரு கியூப் மணலும் மூன்று கியூப் நெல்லும் கிட்டத்தட்ட ஒரே நிறை. அந்தப் பெரியவர் ஏன் தராசைப் பார்த்து வாயில் கை வைத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. வாழ்நாளெல்லாம் நெல் நிறுத்த மனிதர்.

மணலிலும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஆற்றிலிருந்து பெக்கோ இயந்திரம் அள்ளித் தண்ணீர் ஒழுக ஒழுகப் போடும் மணல் கியூப் ஐந்தரை டன்னுக்குக் குறையாது. செங்கலடிச் சந்தி வரைக்கும் பின்னால் ஈரக் கோடு இழுபடும். லேசான தூறலில் நனைந்த மணலோ நேர்மாறு. ஒவ்வொரு மணல் மணியிலும் ஈரம் ஒட்டி இடைவெளி விட்டு உப்பிக்கொள்ளும். பெட்டி நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே மணல் குறைவு. அந்த நாட்களில்தான் வண்டி ஏற்றத்தில் சுகமாக ஏறும், அந்த நாட்களில்தான் சண்டையும் வரும். காத்தான்குடியில் ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணரை அப்படித்தான் சொல்வோம்) அடிமட்டத்தோடு பெட்டியில் ஏறி நின்று, “தம்பி, நாலு விரக்கடை குறையுது, மறுகா வந்து காசு வாங்குங்க” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் களவெடுக்கவில்லை. உப்பின மணல் குலுங்கிக் குலுங்கி வழியிலேயே இறுகிவிட்டது. இதை அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. கடைசியில் நூறு ரூபாய் குறைத்தார், தேத்தண்ணியும் தந்தார்.

என் கூட்டாளி ஒருவன் பத்துச் சில்லு டிப்பர் ஓட்டுகிறான். 25 டன் வண்டி, தன் நிறை பத்துக்குக் கிட்ட. அவன் பாரம் பதினைந்து. மூன்று கியூப் காய்ந்த மணலை அவன் சட்டப்படியே கொண்டுபோவான். வண்டியின் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ சுமக்கிறது என்று இருவரும் ஒருநாள் வகுத்துப் பார்த்தோம். அவனுக்கு ஒன்றரை, எனக்கு 1.4. இவ்வளவு கிட்டவா என்று அவனுக்கு மனவருத்தம். எனக்கு வேறொன்று உறைத்தது. பெட்டி அடி தேய்கிறது என்று எங்கள் முதலாளி தடித்த இரும்புத் தகடு அடித்தார், பலகைக்குக் கோண இரும்பு வைத்தார். கூட ஏற்றத்தான் அதெல்லாம். ஆனால் அந்த இரும்பு ஒவ்வொரு கிலோவும் ஏற்றக்கூடிய மணலில் ஒரு கிலோவைத் தின்கிறது. ஜப்பானிலிருந்து வந்த சின்ன டிப்பர்களின் பின்கதவைப் பாருங்கள். ஜப்பான் எழுத்துகளுக்குப் பக்கத்தில் 2000 என்று இருக்கும் சில வண்டிகளில். அதிகபட்சப் பாரம் இரண்டாயிரம் கிலோ என்று அர்த்தம். அதற்குள் ஒரு கியூப் மணல் போகிறது.

வீதி வேலைக்கு வந்த ஒரு இஞ்சினியர் சொன்ன கணக்கும் அப்போது நினைவுக்கு வந்தது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லொறிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்களாம்: அச்சுப் பாரம் ஒன்றரை மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஒன்றரை மடங்கல்ல, ஐந்து மடங்கு. கிராமத்து உள்வீதிக் குழிகளில் விழுந்து எழும்பும்போது அந்த வீதியை உடைத்தவன் யார் என்று நான் இப்போது கேட்பதில்லை.

2013இல் கல்லடிப் புதுப்பாலம் திறக்கும்வரை பழைய இரும்புப் பாலத்தில் முறை வரக் காத்துக் கிடப்போம். அங்கே நிற்கும்போது வண்டி மூச்சு விடுவதுபோல பாரம் தாங்கும் பின் வில்லுத்தகடு முனகும். பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும் என்று விட்டுவிடுவேன். தராசில் ஏறிய அதே வருஷம் மார்கழி மழையில், வயல் வரம்போரம் ஒரு வீட்டுக்கு ஈர மணலோடு போய், கொட்டுவதற்குப் பெட்டியைத் தூக்கினேன். பின்பக்கம் சரிந்தது, முன்பக்கத்து மணல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பாரமெல்லாம் உயரத்தில். இடது சில்லு சேற்றில் ஒரு சாண் இறங்க, ‘டொக்’ என்று வில்லுத்தகடு இரண்டு ஒன்றாக உடைந்தது. பெட்டியை மெல்ல மெல்ல இறக்கினேன். கை நடுக்கம் நிற்க நேரமெடுத்தது. வண்டி பிரளவில்லை, அவ்வளவுதான்.

முதலாளியிடம் கொப்பியைக் காட்டினேன். மனிதர் கெட்டவரல்ல, நான் சொன்னதைக் கேட்டுப் பலகையைக் கழற்றினார். ஆனால் 2022 ஆனியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனபோது அந்தக் கொப்பி எங்கே போகும்? வரிசையில் நாள்கணக்கில் கிடந்து வாங்கிய டீசலில் இரண்டு நடைக்குப் பதில் மூன்று நடை போக யாருக்கு மனம் வரும்? பலகை திரும்ப ஏறியது. நானே ஆணி அடித்தேன்.

இப்போது ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். மாரி காலத்தில் இரண்டு கியூப்புக்கு மேல் எடுக்கமாட்டேன், வரம்பு ரோட்டுக்குள் போகவும்மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சில வாடிக்கைகள் கைவிட்டுப் போயின. ‘மற்றவன் மூன்று தாறானே’ என்பார்கள். பலகை நாலும் இந்த மாரிக்கு முதலாளியின் மாட்டுக்கொட்டிலில் சாய்ந்து கிடக்கின்றன. தை பிறந்தால் எடுக்க வேண்டும் என்கிறார்.