முதலில் வந்த பிழை

புதிதாகச் சேருகிறவர்களின் கணினியில், பைத்தான் நிரல்மொழிக்கான தொகுதிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த நிரல்களை, பிப் என்ற கருவியால் நிறுவித் தருவதும் அலுவலகத்தில் என் வேலைகளில் ஒன்று. "பிப் இன்ஸ்டால் கொடுத்தேன், திரை முழுக்கச் சிவப்பா வருது" என்று வந்து நிற்பார்கள். பெரும்பாலும் கடைசி வரியை மட்டும் படித்திருப்பார்கள். வேலை நின்றுபோனதைத்தான் அந்த வரி சொல்லும். ஏன் நின்றது என்பது பல வரிகளுக்கு மேலே கிடக்கும்.

அண்மையில் ஒரு தோழியின் லினக்ஸ் கணினியில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச உதவும் சைக்கோபிஜி2 தொகுதி நிறுவப்பட மறுத்தது. திரையை மேலே தள்ளிக்கொண்டே போனோம். 'பிஜி_கான்ஃபிக் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. அந்தக் கருவி டெபியன் என்ற லினக்ஸ் வகையில் லிப்பிகியூ-டெவ் என்ற பொதியில் வருகிறது. அதைப் போட்டதும் அடுத்த தடை: 'பைத்தான்.எச்' கோப்பைக் காணோம். தோழி சோர்ந்துவிட்டார். எனக்கோ நிம்மதி; பிழை மாறியிருக்கிறது என்றால் ஒரு படி ஏறிவிட்டோம். பைத்தான்3-டெவ் பொதியைச் சேர்த்ததும் நிறுவல் முடிந்தது.

இப்படி நடப்பதற்குக் காரணம் எளிது. பல தொகுதிகளின் உள்ளே சி மொழி நிரல் இருக்கிறது. நம் இயங்குதளத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் பொருந்துகிற ஆயத்தப் பொதி, அதாவது வீல், இருந்தால் பிப் அதை எடுத்து வைத்துவிடும். இல்லையென்றால் மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே தொகுக்கப் பார்க்கும். அதற்கு, நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் 'பைத்தான்.எச்' போன்ற தலைப்புக் கோப்புகளும் வேண்டும். பைத்தானின் புதிய பதிப்புக்குத் தாவியவுடன் நேற்றுவரை நிறுவ முடிந்தது இன்று முரண்டு பிடிப்பதும் இதனால்தான். 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில், தொகுதிகளைக் கட்டி நிறுவ உதவிவந்த டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பழைய தொகுதிகள் பல தடுமாறின.

இன்னொரு வகைத் தொல்லை: 'நிறுவப்பட்டது' என்று வரும், நிரலை ஓட்டினால் 'அப்படியொரு தொகுதி இல்லை' என்று வரும். கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கும். பிப் ஒன்றுக்குப் போட்டிருக்கும், நிரல் வேறொன்றில் ஓடும். எந்த பைத்தானில் நிரல் ஓடுகிறதோ அதைக் கொண்டே, 'பைத்தான் -எம் பிப்' என்று கூப்பிட்டால் குழப்பம் தீரும்.

டெபியன் 12-இலிருந்து கணினியின் பொதுவான பைத்தானில் பிப் கை வைக்க முடியாது. தடையை மீறவும் ஒரு தெரிவு உண்டு. அதன் பெயரிலேயே 'கணினிப் பொதிகளை உடை' என்று எழுதியிருக்கிறது. பலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவதைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. இயங்குதளத்தின் கருவிகளே அந்தப் பைத்தானை நம்பியிருக்கின்றன. இதற்கு மாற்றாக, 2012-இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பு முதலே வென்வ் என்ற கருவி இருக்கிறது. அதைக் கொண்டு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் சூழலை அமைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் அந்தக் கோப்புறையை மட்டும் அழித்தால் போதும்.

எல்லாம் செய்தும் தீராதபோது தொகுதியைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுகிறேன். அவர்களில் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைக்கிறார்கள், அவர்கள் நேரத்தை மதிக்க வேண்டும். இயங்குதளம், பைத்தான் பதிப்பு, பிப் பதிப்பு, பிழைச் செய்திகளின் முழுப் பதிவு ஆகிய நான்கையும் சேர்த்து அனுப்பினால், அதே பிழையைத் தங்கள் கணினியில் வரவழைத்துப் பார்க்க அவர்களுக்கு எளிதாக இருக்கும்.